பிள்ளைக்கு மூளை இல்லையா, வழி இல்லையா?

(எல்லைப் பகுதித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



துணி துவைக்க, விறகு பொறுக்க, சந்தைக்குப் போய்வர என்று உங்களுக்கு வாரத்தில் கிடைப்பது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மூணாறு, வண்டிப்பெரியாறு, பூப்பாறைப் பக்கத்திலிருந்து மலை இறங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, மீனாட்சிபுரத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மாலை, பொன்னாடை, வரவேற்புப் பத்திரம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வருகிறது. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் போட்டு முக்குக்கு முக்கு போர்டு வைக்கிறார்கள். நாமும் வைத்தோம், மறைக்கவில்லை. படத்தில் இருக்கிற பிள்ளை நான்கு பேர். படத்தில் இல்லாத பிள்ளை நாற்பது பேர். அந்த நாற்பது வீட்டிலும் அன்று ராத்திரி என்ன பேச்சு நடக்கிறது என்று நமக்குத் தெரியும். நாமும் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே. "நம்ம புள்ளைக்கு மூளை அவ்வளவுதான். நமக்கு எழுதினதுதான் அதுக்கும் எழுதியிருக்கு." இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவோம்.

இந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு தாய், தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். பையன் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். கணக்கில் ஏ, அறிவியலில் பி பிளஸ். "அண்ணே, இவனை எதுல சேர்க்கட்டும்?" என்று கேட்டார். நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இதென்ன கேள்வி அக்கா, சயன்ஸ்ல போடுங்க, நம்ம பையனும் எஞ்சினியர் ஆகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னபோது எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. இங்கிலீஷில் இருக்கிற பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தால் உனக்குப் புரியுமா தம்பி? ஆசிரியர் மலையாளத்தில் விளக்கினால் குறிப்பு எடுக்க வருமா? பள்ளி எத்தனை மைல், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உனக்கு எந்த வேலையில் கை தானாகப் போகிறது? கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரை அவிழ்த்து மாட்டுவதில் அந்த லயத்துக்கே அவன்தான் மிஸ்திரி.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. இன்று வேறொருவர் ஜீப்பில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறான். ஜீப் ஓட்டுவது இழிந்த தொழில் அல்ல. நம் வயிற்றுப்பாட்டில் பாதி அந்த ஜீப்பில்தான் ஓடுகிறது. எங்களை வருத்துவது வேறு. அண்மையில் வழியில் பார்த்தபோது, "சயன்ஸ் எனக்கு வரலண்ணே" என்றான். வரவில்லையாம். யோசிக்காமல் சொன்ன எங்கள் தவறையும், மொழி மாறிய வகுப்பின் குறையையும், கடைசி பஸ்ஸின் குறையையும் சேர்த்துக் கட்டித் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறான் அந்தப் பிள்ளை.

மந்தம் யார்?

தோழர்களே, அறிவை அளக்கிற சோதனை என்று ஒன்று உலகத்தில் எப்படி வந்தது தெரியுமா? 1905-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஆல்பிரட் பினே என்பவர் தம் நண்பர் சிமோனுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். பள்ளியில் பின்தங்கிப் போகிற குழந்தைகள் யார் என்று கண்டுபிடித்து அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுப்பதற்காகவே செய்தார். இந்தக் குழந்தைக்கு இவ்வளவுதான் அறிவு என்று முத்திரை குத்துவதை அவரே எதிர்த்தார். அறிவு பயிற்சியால் வளரும் என்பது அவர் கட்சி.

அந்தச் சோதனை கப்பலேறி அமெரிக்கா போயிற்று. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஓர் இடம். பிழைப்புத் தேடிக் கப்பலில் வருகிற ஏழை ஜனங்களை இறக்கி விசாரிக்கிற இடம். 1913-ல் ஹென்றி காடார்ட் என்கிற உளவியல் அறிஞர் அங்கே இறங்கிய யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ருஷ்யர் ஆகியோரில் சிலரைப் பொறுக்கி எடுத்து மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சோதித்தார். வாரக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள், பேனா பிடித்தறியாதவர்கள், கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்றே தெரியாதவர்கள். முடிவு என்ன? ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் மந்தபுத்தி என்று வந்தது! 1928-ல் அவரே தம் பழைய கருத்துகளைப் பெருமளவு மாற்றிக்கொண்டார். அப்படி மந்தபுத்தி என்று சொல்லப்பட்ட ஜனங்களின் பேரப் பிள்ளைகள் அதே நாட்டில் டாக்டர்களும் பேராசிரியர்களுமாக ஆனார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? புதிதாக வந்து இறங்கியவன், வேற்று மொழிக்காரன், கூலிக்காரன் ஆகியோரின் பிள்ளையை மந்தம் என்று சொல்வது உலகத்தில் பழைய வழக்கம். மூணாற்றில் தொடங்கியது அல்ல. பிளஸ் ஒன் வகுப்பில் நம் பிள்ளையைப் பார்த்து 'இயற்பியல் தெரியவில்லை' என்று எழுதுகிறார்கள். உண்மையில் அவனுக்கு வராதது இங்கிலீஷ். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. திறமை என்பது ஒரே கட்டியான சரக்கு அல்ல. 1947-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு திறனறி சோதனை எட்டுப் பகுதிகளாக இருந்தது. சொல்லாற்றல், எண்ணாற்றல், இயந்திரங்களைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், பொருளின் வடிவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஆற்றல், எழுத்து வேலையில் வேகமும் பிழையின்மையும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லாமல் பிரித்துச் சொன்னதுதான் அதன் பயன். நம் லயத்து மோட்டார் மிஸ்திரிக்கு அன்று அப்படி ஒரு சோதனை கிடைத்திருந்தால், நாங்கள் அவனிடம் பேசியிருக்கிற பேச்சே வேறாக இருந்திருக்கும்.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்பவர் இன்று மிகச் சிலர். 2023-ஆம் ஆண்டு தேர்ச்சி 99.70 சதவீதம். 2005-லிருந்து மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கிரேடு வந்தது. முப்பது சதவீதம் எடுத்தால் டி பிளஸ், மேற்படிப்புக்குத் தகுதி. நூற்றுக்கு இருபது பள்ளியிலேயே போடுகிற உள்மதிப்பெண். அதை முழுதாகப் போட்டுவிட்டால் எழுத்துத் தேர்வில் மீதி பத்து எடுத்தால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தாவது பாஸ் என்கிற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாரா திருத்தமாக எழுத வராத பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோமா இல்லையா? அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். ஆண்டு முழுவதும் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்த பள்ளியில் நம் பிள்ளைகள் படித்தார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். 2024-25-லிருந்து எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்விலேயே முப்பது சதவீதம் வேண்டும் என்று அரசு கொண்டுவந்தது. அடுத்து ஒன்பது, அதற்கடுத்துப் பத்து என்று அது ஏறும் என்றும் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு வைக்கிற அளவுகோல் யாரை அளக்கும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழில் படிக்கலாம், தமிழில் தேர்வு எழுதலாம். இது பிச்சை அல்ல, உரிமை. ஆனால் அரசியல் சட்டத்தில் 1956-ல் சேர்த்த 350-ஏ பிரிவு தாய்மொழிக் கல்வியைத் தொடக்கப் பள்ளிக்குத்தான் சொல்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு என்று வந்த 1951-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் படிப்பு வசதி செய்துதர முதலாளிக்கு விதி போடலாம் என்றது. பன்னிரண்டு வயதுக்கு மேல்? அந்தச் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் அதற்கு மேல் கூடைதான் இருந்தது போலும். அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துபோயிற்று.

ஆக, குழந்தையாக இருக்கும்போது கையைப் பிடித்து நடத்துகிறார்கள். எதைப் படிப்பது, என்ன ஆவது என்று பிள்ளை தானே யோசிக்கிற பதினைந்து வயதில் கையை விட்டுவிடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் மலையாளம், வீட்டில் தமிழ். மூன்று ஆற்றையும் ஒரே நாளில் நீந்தச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டும்.

பிளஸ் ஒன் சேர்க்கை 2008-லிருந்து மாநிலம் முழுவதும் ஏகஜாலகம் என்கிற ஒற்றைச் சாளர முறையில் நடக்கிறது. எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்பங்களை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தந்தப் பிரிவுக்குரிய பாடங்களின் கிரேடுக்குக் கூடுதல் எடை கொடுத்து, எழுதிய வரிசைப்படி இடம் ஒதுக்குகிறார்கள். முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் கீழே எழுதியதெல்லாம் தானே ரத்து. இந்த வரிசையை நம் வீடுகளில் யார் எழுதுகிறார்கள்? அட்சயா சென்டரில் உட்கார்ந்திருக்கிற தம்பி! வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், "சேச்சி, சயன்ஸ் வைக்கட்டா?" என்று அவன் கேட்கிறான்; அம்மா தலையாட்டுகிறார். பிள்ளையின் இருபது வருஷ வாழ்க்கை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அவன்மேல் குற்றமில்லை. வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோகாதது நம் குற்றம்.

ஆறாம் வகுப்பில் போடுகிற முடிச்சு

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், உள்ளூர்க்காரருக்குத் தெரியாதது. தேனியில் பாட்டி வீடு, பொள்ளாச்சியில் சித்தி வீடு. பிள்ளையை இரண்டு வருஷம் அங்கே, மூன்று வருஷம் இங்கே என்று படிக்க வைக்கிறோம். வீட்டுச் சௌகரியத்துக்காகச் செய்கிறோம். சர்க்கார் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனால் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற 2022-ஆம் ஆண்டுப் புதுமைப்பெண் திட்டமும், 2024-ல் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்கிற கணக்கைத்தான் பார்க்கின்றன. எட்டாம் வகுப்பு வரை வட்டவடையில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கொடைக்கானல் பக்கம் போன பிள்ளை தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் அந்தப் படிவத்தில் அவளுக்கு இடம் இல்லை.

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பதின்மூன்று மொழிகளில் நடக்கிறது. தமிழும் உண்டு என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான். கேரள மையத்தில் உட்காருகிற பிள்ளைக்கு ஆங்கிலம், இந்தி, மலையாளம். தேவிகுளத்தில் பிறந்து தமிழில் படித்த பிள்ளைக்குத் தன் சொந்த மாவட்டத்தில் தன் மொழியில் தேர்வு எழுத வழியில்லை.

எந்தப் பக்கம் நல்லது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது ஒவ்வொரு வீட்டு நிலைமை. ஆனால் ஒரு பக்கத்தைப் பிடித்தால் ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பக்கமே இருங்கள். நடுவில் மாற்றினால் இரண்டு பக்கமும் 'நீ எங்கள் பிள்ளை இல்லை' என்று சொல்லிவிடும்.

'வந்துபோகிறவர்கள்'

இந்த வார்த்தை நமக்குப் பழகியதுதான். 1955-ல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தபோது தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுவோர்தான் அதிகம் என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் இவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று கருதியது. தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தன. பாலக்காட்டுக்கு வேறு கதை. அதுவரை பாலக்காடும் பொள்ளாச்சியும் ஒரே சென்னை மாகாணம். சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. ஒரே சம்பந்தி வீட்டார் ஒரு நாள் காலையில் இரண்டு மாநிலத்தாராக எழுந்தார்கள். எல்லையைத் திரும்ப வரைய வேண்டும் என்று இந்த மேடையில் நாங்கள் பேசவில்லை. நாம் இங்கே வாழ்கிறோம், மலையாளத் தோழர்களோடு ஒரே கொடியின் கீழ் போராடியிருக்கிறோம். நாம் கேட்பது, அந்த 'வந்துபோகிறவர்' என்கிற பட்டம் மூன்றாம் தலைமுறைப் பிள்ளையின் சர்ட்டிபிகேட்டில் ஏன் வந்து உட்காருகிறது என்பதுதான்.

தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பட்டியல் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியான ஜனாதிபதி ஆணையால் மாநிலம் மாநிலமாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே 'உன் முன்னோர் 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்தார்களா?' என்று தாலுகா ஆபீசில் கேட்கிறார்கள். பட்டா இல்லை, லயத்து வீடு கம்பெனி வீடு, தாத்தா கங்காணி பிடித்துக் கூட்டிவந்த ஆள். எதைக் காட்டுவது? 2021-ல் தேவிகுளத்தில் வென்ற அ. ராஜாவின் தேர்தல்கூட, அவர் கேரளத்தில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவரா என்கிற வழக்கில் சிக்கியது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஓர் எம்.எல்.ஏ.வுக்கே இந்தப் பாடு என்றால் பிளஸ் டூ முடித்த பெண் தனியாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று என்ன செய்வாள்?

இதில் ஒரு கொடுமை பாருங்கள். பாலக்காட்டில் 2014-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி பட்டியல் வகுப்பார் நலத்துறையின் கீழ் வந்தது. நூறு இடத்தில் எழுபது பட்டியல் வகுப்புப் பிள்ளைகளுக்கு. நாட்டிலேயே அபூர்வமான ஏற்பாடு. அதற்கு நம் வாழ்த்து. அதே மாவட்டத்தில், அதே வகுப்பில் பிறந்த நம் பிள்ளை ஒரு காகிதம் இல்லாமல் வெளியே நிற்கிறது. கோழிப்பாறையில் 2015-ல் ஐ.ஐ.டி. தற்காலிக வளாகம் தொடங்கியது. நம் கடலைக்காட்டுக்குப் பக்கத்திலேதான். காம்பவுண்டுச் சுவர் கட்ட நம் ஆட்கள் போனார்கள். வகுப்புக்குள் யார் போனார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

லயத்து வீட்டின் கணக்கு

இப்போது, யாரும் மேடையில் பேசாத ஒன்றைப் பேசுகிறோம். மலையில் பல தோட்டங்களில் வேலை இருக்கிறவரைதான் வீடு. அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருவர் பெயர் செக்ரோலில் இல்லை என்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் வாழ்ந்த ஒற்றை அறை. அது போனால் போடியிலும் கம்பத்திலும் வாடகை வீடு தேட வேண்டும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையின் தலையில் அந்த வீடு எழுதப்படுகிறது. எந்தப் பிள்ளை? பெரும்பாலும் மூத்த பெண். அல்லது 'படிப்பு ஏறாத' பையன். சில வீட்டில் முதலில் வீட்டுக்கு ஆள் முடிவாகிறது. பிறகுதான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பேச்சு வருகிறது. தாய்மார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்களும் அப்படி ஓர் அக்காள் கொழுந்து எடுத்த காசில் படித்தவர்கள்தான். அக்காவுக்கு எங்களைவிட நன்றாகக் கணக்கு வரும்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் பார்த்தோம். லயங்கள் மண்ணுக்குள் போயின, எழுபது உயிர். அந்த மாதிரி வீட்டுக்காகத்தான் ஒரு பிள்ளையின் படிப்பை அடகு வைக்கிறோம். வேறு வழி கொடுக்காததால் வைக்கிறோம். அது நம் ஆசை அல்ல. 2015 செப்டம்பரில் மூணாற்றில் நம் பெண்கள் யூனியன் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இருபது சதவீத போனஸ் வாங்கினார்கள். அன்று 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆயிற்று. அந்தக் கூட்டத்தில் பேசிய ஒவ்வொரு தாயும் கூலியைச் சொல்லிவிட்டு அடுத்த வாயில் பிள்ளை படிப்பைத்தான் சொன்னார். ஆகவே கூலிப் போராட்டம் வேறு, படிப்பு வேறு என்று யாராவது பிரித்துப் பேசினால் நம்பாதீர்கள். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு மண்ணும் வீடும் கிடைத்தால் அன்றே மலையில் நூறு பிள்ளைகளின் 'மூளை' வளர்ந்துவிடும்!

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து முடிந்ததும் ஏஜெண்டு வருவார். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் மில், தங்க இடம், சாப்பாடு, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பார். சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயரும் வைத்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பெண்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைத்ததா என்று அவர்களையே கேளுங்கள். இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

சரி, என்னதான் படிப்பது? எல்லாரும் டாக்டர், எஞ்சினியர் என்று நாங்கள் திரும்பவும் சொல்ல மாட்டோம்; சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டோம். தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்றே கேரள பி.எஸ்.சி. இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் தனியாக ஆள் எடுக்கிறது. தமிழ் வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேலை தனிப் பட்டியல். நம் பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலேயே இருக்கிறது. இல்லாதது எழுதப் படிக்கிற மலையாளம். பேச வரும், எழுத வராது. மலையாளம் படித்தால் தமிழ் போய்விடும் என்று சில பெரியவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒரு மொழி வந்தால் இன்னொன்று ஓடிவிடுமா? 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையோர் சர்க்காருக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று சொல்கிறது. அந்தப் பதிலை எழுதுகிற நாற்காலியில் நம் பிள்ளை உட்கார வேண்டும் என்றால் இரண்டு மொழியும் வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரி 1947-லிருந்து இருக்கிறது. தமிழ்த் துறை இருக்கிறது. கைத்திறமை உள்ள பிள்ளைக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக். இவை மார்க் குறைந்தவன் ஒதுங்குகிற திண்ணை என்று நினைக்காதீர்கள். மோட்டார் மிஸ்திரிப் பையனுக்கு நாங்கள் அன்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

ஆனால் சயன்ஸில் உண்மையாகவே நாட்டம் உள்ள பிள்ளையை மொழிக்குப் பயந்து நிறுத்திவிடவும் கூடாது. வட்டவடை அபிமன்யுவை மறந்துவிட்டோமா? காய்கறி விளைவிக்கிற அந்த மலைக் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளை எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்தான். ஊருக்கு வந்துவிட்டுக் காய்கறி லாரியில் ஏறித் திரும்பிப் போனவனை 2018 ஜூலை 2 அன்று கல்லூரி வாசலில் குத்திக் கொன்றார்கள். அவன் பெயரில் இன்று வட்டவடையில் நூலகம் இருக்கிறது. அந்த நூலகத்துக்குப் போங்கள். நம் மண்ணிலிருந்து ஒரு பிள்ளை வேதியியல் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தான் என்பதற்கு அது சாட்சி.

இனி வேலை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சங்க அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு ஆள் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்து வந்தால் காலம் கடந்துவிடும். பிள்ளையிடம் பேச எங்களை அரை மணி நேரம் தனியாக விடுங்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஆறு வாரம் இங்கிலீஷ் பாடப் புத்தகம் வாசிக்கும் வகுப்பும், கூடவே மலையாள எழுத்தும் நடத்த, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் மலையாளி. பணம் வாங்க மாட்டேன், சாயா மட்டும் போதும் என்றார். ஏகஜாலகம் விருப்ப வரிசையை இங்கேயே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அட்சயாவுக்குப் போகலாம்.

வரும்போது ரேஷன் கார்டு மட்டும் போதாது. தாத்தா, பாட்டி பெயர் உள்ள பழைய செக்ரோல் நகல், சம்பளச் சீட்டு, பழைய வாக்காளர் பட்டியல், அப்பாவோ பெரியப்பாவோ படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல், கோயிலிலோ சர்ச்சிலோ உள்ள பெயர்ப் பதிவு என்று எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிற மஞ்சள் காகிதம் எதையும் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். போன மழையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு கட்டு அடுப்புக்குப் போயிற்று. அதில் 1948-ஆம் வருடத்துச் சீட்டு ஒன்று இருந்ததாக அந்தப் பாட்டி இப்போது சொல்கிறார். அந்தப் பேத்தி இந்த வருஷம் பிளஸ் டூ.